வாக்கியத்தின் வாலை வெட்டாதீர்கள்: மீட்புக் குழு வயர்லெஸ்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேட்டரிக்குச் சார்ஜ் போடப் புதியவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சேனல் எண்களும் இரண்டே நாளில் மனப்பாடமாகிவிடும். ஒவ்வொரு பயிற்சி அணியிலும் அலுக்காமல் திரும்பி வருபவை வேறு தவறுகள்.

பொத்தானை முன்கூட்டியே விடுவது

பொத்தானை அழுத்திய கையோடு பேசினால் முதல் சொல் போய்விடும். கருவி அனுப்பும் நிலைக்கு மாற வேண்டும், ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மீண்டும் அனுப்பும் இடைநிலைக் கருவி) விழிக்க வேண்டும், எதிர்முனைக் கருவி டோனை (பேச்சோடு சேர்ந்து வரும் அடையாள ஒலியை) அடையாளம் கண்டு ஸ்பீக்கரைத் திறக்க வேண்டும். அதனால் அழுத்தி, ஒரு நொடி விட்டுப் பேசுங்கள். இதை எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்கிறார்கள். வாக்கியத்தின் மறுமுனையைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை.

தமிழில் மறுப்பு கடைசியில்தான் வரும். "மாடிக்கு ஏற வேண்டாம்" என்று முடிப்பதற்குள் கட்டைவிரல் தளர்ந்தால் மறுமுனையில் விழுவது "மாடிக்கு ஏற வே...". மீதியைக் கேட்பவரே நிரப்பிக்கொள்வார்: ஏற வேண்டும். "கதவைத் திறக்கக் கூடாது" என்பதும் வால் போனால் திறக்கச் சொன்னதாகத்தான் கேட்கும். ஒரே ஒரு சொல், கட்டளை தலைகீழ்.

தடையை முன்னால் போடுங்கள். "நில். மாடி கூடாது. கீழேயே இரு." வால் அறுந்தாலும் "நில்" போய்ச் சேரும். பேசி முடித்து அரை நொடி கழித்தே விரலை எடுங்கள். கேட்டவர் "கீழேயே இருக்கிறேன்" என்று திருப்பிச் சொல்லும்வரை கட்டளை போய்ச் சேரவில்லை என்றே வையுங்கள். "சரி", "ரோஜர்" எல்லாம் ஏதோ காதில் விழுந்தது என்பதற்கு மட்டுமே சாட்சி.

பயிற்சிக்கு: ஒருவர் அடுத்த அறையிலிருந்து இருபது கட்டளைகளை வாசிக்கட்டும், பத்தில் மறுப்பு இருக்கட்டும். மற்றவர் கேட்டதை அப்படியே எழுதட்டும். தாள்களை ஒப்பிட்டால் போதும், அதற்கு மேல் பாடம் எடுக்க வேண்டியிருக்காது.

கத்துவது

கத்தினால் ஒலி உடையும். மைக் இரண்டு விரல் தள்ளி, சாதாரணக் குரல்.

இருவர் ஒன்றாக அழுத்துவது

டிஜிட்டல் அல்லாத அனலாக் எஃப்எம் கருவிகளில் பெரும்பாலும் வலுவான சிக்னல் மட்டுமே கேட்கும். மற்றது விழுங்கப்பட்டது பேசியவருக்கே தெரியாது. கண்ட்ரோல் ரூம் வெறுமனே "சொல்லுங்க" என்றால் இருவருமே தன்னைத்தான் என்று நினைப்பார்கள். அழைப்புப் பெயரைச் சொல்லியே பதில் தர வேண்டும்.

ஆன்டெனாவைப் பிடித்துத் தூக்குவது

தூக்காதீர்கள்.

கேட்கிறது என்பதால் பேட்டரி நன்று என்று நம்புவது

கேட்பதற்கு மின்சாரம் கொஞ்சம்தான் வேண்டும். 5 வாட்டில் பேசுவதற்குப் பல மடங்கு. நாளெல்லாம் ஒழுங்காகக் கேட்ட கருவி, பொத்தானை அழுத்தியதும் அணைந்துபோகும். கிளம்பும் முன் பேசிப் பாருங்கள்.

குறியீட்டு எண்கள்

சொற்களுக்குப் பதிலாக ஓர் அணி சொல்லும் "10" வரிசை எண்ணுக்கு (10-4 போல) அடுத்த அணியில் வேறு பொருள் இருக்கலாம். அமெரிக்காவில் பல துறைகள் சேரும் பணிகளில் வெளிப்படையான சொற்களில் பேசுவதை 2006 நிதியாண்டு முதல் பேரிடர் ஆயத்தத்துக்குக் கூட்டாட்சி அரசு தரும் மானியங்களுக்கு நிபந்தனையாகவே வைத்தார்கள்.

ரிப்பீட்டரையே நம்பியிருப்பது

நிலவறையில் பத்து மீட்டர் இடைவெளியில் நிற்கும் இருவர் பேச முடியாமல் தவிப்பார்கள். இருவர் சேனலும் தொலைவிலுள்ள ரிப்பீட்டர் வழியாகச் சுற்றிவரப் பார்க்கும். நேரடி சேனலுக்கு மாறினால் உடனே கேட்கும். கையுறை போட்டு, பார்க்காமல், குமிழை எத்தனை சொடுக்குத் திருப்ப வேண்டும் என்று பழகுங்கள். வாசலில் நிற்பவரிடம் இரண்டு கருவி இருக்கட்டும்: ஒன்று நேரடியில், ஒன்று ரிப்பீட்டரில்.