சிபேப் மாட்டியும் தூக்கம் வரவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறட்டை விடுபவர் படுத்ததும் தூங்கிவிடுவார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் தூக்கத்தில் மூச்சுத்தடை உள்ளவர்களில் கணிசமானோருக்குத் தூக்கமின்மையும் இருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. மூச்சுத்தடைக்கு, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபேப் (CPAP) மெஷின். தூக்கமின்மைக்கு, படுக்கைப் பழக்கங்களை மாற்றும் சிகிச்சை. ஒன்றைக் கவனித்தால் மற்றது தானாகப் போய்விடும் என்று விட்டுவிடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

மிக ஆபத்தான தவறு, தூக்க மாத்திரையைத் தானாக வாங்கிப் போட்டுக்கொள்வது. அல்பிரசோலம், குளோனசெபம் போன்றவை தொண்டைத் தசையைத் தளர்த்தக்கூடும். மூச்சு அடைபட்டதும் நம்மை உலுக்கி எழுப்பும் மூளையின் எச்சரிக்கையையும் மந்தமாக்கும். தடை நீண்டு, ஆக்சிஜன் இறங்கும். மதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது. (மாதக்கணக்கில் சாப்பிட்டு வருபவர் சட்டென்று நிறுத்துவதும் தவறு, டாக்டர் சொற்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.)

மாஸ்க்கை முதன்முதலில் படுக்கையில் மாட்டிப் பழகுவது அடுத்தது. விழித்தபடி அதோடு மல்லுக்கட்டினால், மாஸ்க் என்றாலே மனம் விழித்துக்கொள்ளப் பழகிவிடும். பகலில் டிவி பார்த்தபடி 15-20 நிமிடம் மாட்டிப் பழகுங்கள். முதலில் மெஷின் இல்லாமல், பிறகு காற்றோடு. காற்று கசிகிறதென்று பட்டையை இறுக்காதீர்கள், கசிவு கூடத்தான் செய்யும். படுத்த நிலையில், மெஷின் ஓடும்போது சரிசெய்யுங்கள்.

சுமார் 20 நிமிடமாகத் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போகலாம். திரும்பியதும் மாஸ்க்கை மறுபடி மாட்டுவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கனவுத் தூக்கம் பின்னிரவில்தான் அதிகம். பலருக்குத் தடை மோசமாவதும் அப்போதுதான். மூன்று மணிக்குக் கழற்றி வைத்தால் தேவையான நேரத்தில் மெஷின் சும்மா கிடக்கும்.

தூக்கத்தை ஈடுகட்ட ஒன்பது மணிக்கே படுப்பதும் பயன் தராது. ஐந்தரை மணி நேரமே தூங்குகிறீர்கள், எழுவது ஐந்தரைக்கு என்றால், பன்னிரண்டுக்குப் படுங்கள். படுத்த நேரத்தில் 85 சதவீதம் தூங்கத் தொடங்கியபின் வாரம் 15 நிமிடம் கூட்டலாம். படுக்கையில் இருக்கும் நேரத்தை ஐந்து மணி நேரத்துக்குக் கீழே குறைக்கவே கூடாது. மூச்சுத்தடையால் ஏற்கெனவே பகலில் சொக்குபவர்கள் டாக்டர் கண்காணிப்பில்தான் இதைச் செய்ய வேண்டும். ஆரம்ப வாரங்களில் சொக்கல் கூடும் என்பதால் வண்டி ஓட்டுவதைத் தவிர்ப்பது நல்லது.

இந்தப் பழக்கச் சிகிச்சையை மெஷினுக்கு முன்பே தொடங்கலாம். ஆஸ்திரேலியாவில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், அப்படித் தொடங்கியவர்கள் சிபேப்பை இரவுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகப் பயன்படுத்தினார்கள்.

டாக்டரைப் பார்க்கும்போது இரண்டு வாரத் தூக்கக் குறிப்போடு மெஷினின் பதிவையும் கொண்டுபோங்கள். மணிக்கு ஐந்துக்கும் குறைவான தடைகளே பதிவாகி, கசிவும் இல்லாமல், அப்படியும் விழித்துக் கிடந்தால், பிரஷரை மாற்றச் சொல்லி நச்சரிப்பதில் பெரிய பலன் இருக்காது.