தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வருவோருக்கு: கொல்லையில் கேல் கீரை

டர்பனிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ குடியேறிக் கொல்லையில் கேல் போட விரும்புகிறவர்கள், ஊரில் பழகிய பட்டக் கணக்கை முதலில் மறந்துவிட வேண்டும். ஆடி மாதம் இங்கே நடுக்குளிர்காலம். முட்டைக்கோஸ் இனத்தைச் சேர்ந்த இந்தக் கீரைக்குக் கோடை வெயில் தணியத் தொடங்கும் மாசியும் பங்குனியுமே ஏற்ற பருவம். விதைகளை ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டாம். இறக்குமதி அனுமதி இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே பறிமுதலாகும்.

டர்பனில் பெரேயா மேட்டின் செம்மணலில் நீர் தங்காது, சத்தும் தங்காது. ஆகவே பாத்தியில் மட்கிய எருவைத் தாராளமாகக் கலக்க வேண்டும். 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு வந்த நம்மவர்களில் பலர், ஒப்பந்தம் முடிந்தபின் காய்கறி பயிரிட்டே பிழைத்தார்கள் என்பதால், அவர்கள் வழிவந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் யாராவது இருந்தால் மண்ணைப் பற்றி அவரிடம் கேட்பது எந்தப் புத்தகத்தைவிடவும் பயன்தரும். விதையை ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி, நான்கைந்து இலை விட்ட நாற்றை 45 சென்டிமீட்டர் இடைவெளியில் நடலாம்.

உண்மையான தொல்லை பூச்சிகள்தாம். கறுப்பு உடலில் ஆரஞ்சுப் புள்ளிகளுடன், பெரும்பாலும் இரண்டிரண்டாக ஒட்டித் திரியும் பக்ராடா பூச்சி, இலைச் சாற்றை உறிஞ்சி வெளிறிய திட்டுகளை உண்டாக்கும். இளநாற்றின் குருத்தைத் தாக்கினால் செடியே வீணாகிவிடும். வைரமுதுகு அந்துப்பூச்சியின் சிறு பச்சைப் புழுக்கள் இலையின் அடிப்பக்கத்தில் இருந்து சுரண்டித் தின்னும். நட்ட அன்றே மெல்லிய வலையால் பாத்தியை மூடுவது, பிறகு மருந்து தெளிப்பதைவிட மேல். டர்பனின் வெர்வெட் குரங்குகளுக்கு அந்த வலை போதாது. கம்பி வலைக் கூண்டு வேண்டும்.

ஜோகன்னஸ்பர்க்கில் உறைபனி விழுந்தாலும் கவலை வேண்டாம், குளிரில் இலையில் சர்க்கரை கூடி கசப்பு குறையும். ஆனால் அங்கே குளிர்காலத்தில் மழை இராது; தண்ணீரை நாம்தான் ஊற்ற வேண்டும். அடி இலைகளை மட்டும் பறித்துக் குருத்தை விட்டுவைத்தால் செடி மாதக்கணக்கில் கீரை கொடுக்கும். பொரியலுக்கு நடுநரம்பைக் கிழித்தெடுத்துவிட்டுப் பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள். முளைக்கீரையைவிடச் சற்று அதிக நேரம் வேக வேண்டும்.