அம்மா மறுபடி சாப்பிட ஆரம்பித்தது இப்படித்தான்

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். 21 நாளுக்கு ஒரு கீமோ, மொத்தம் 6. இரண்டாவது கீமோவுக்கு அப்புறம் எதை வாயில் வைத்தாலும் இரும்பை நக்குகிற மாதிரி இருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிட்டார். "இன்னும் ரெண்டு வாய் சாப்பிடும்மா" என்று கெஞ்சிக் கெஞ்சி வீட்டில் எல்லோருக்குமே மனசு விட்டுப்போனது.

நர்ஸ் அக்கா ஒருவர் சொன்னதுதான் வழிகாட்டியது. எவர்சில்வர் கரண்டியை ஒதுக்கிவிட்டு மரக் கரண்டியும் பீங்கான் கிண்ணமும் வைத்தோம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து சாப்பிடும் முன் கொப்பளிக்கக் கொடுத்தோம். தாளிக்கிற வாசனையே அவருக்குக் குமட்டியதால் ஆறிய இட்லி, மசித்த பருப்பு சாதம், நன்றாக வேகவைத்த முட்டை என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக.

அப்பா தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார்: எத்தனை இட்லி, வாந்தி உண்டா, காய்ச்சல் எவ்வளவு (கிருமியை எதிர்க்கிற வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும், அதனால் 100.4 டிகிரியைத் தொட்டால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள்). நாலாவது கீமோ சமயத்தில் அந்தத் தாள்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால், ஒவ்வொரு கீமோவுக்கு அப்புறமும் முதல் வாரம்தான் மோசம், மூன்றாவது வாரம் அம்மா பழைய அம்மா! பேத்தியை வரவழைப்பது, கோயிலுக்குப் போவதற்குப் பதிலாக வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசுவது எல்லாவற்றையும் அந்த வாரத்துக்கு மாற்றினோம். முடியாத நாளில் "இன்னும் ஒன்பது நாள்தான்மா" என்று சொல்ல எங்கள் கையில் ஒரு கணக்கு இருந்தது.

ஐந்தாவது கீமோ முடிந்த மூன்றாவது வாரம், ஒரு காலையில் அம்மாவே அடுப்படிக்கு வந்து, "ரசத்துக்குப் புளி கொஞ்சம் தூக்கலா கரை" என்றார்.