எலும்பு எளிதில் முறியும் குழந்தையைக் கையாளுவது எப்படி

டயாப்பர் மாற்றும்போது கணுக்காலைப் பிடித்துக் கால்களை உயர்த்தாதீர்கள். ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா (எலும்பு எளிதில் முறியும் பிறவி நோய்) உள்ள குழந்தைக்குத் தொடை எலும்பு முறிய அதுவே போதும். விரல்களை அகல விரித்து, உள்ளங்கையை இடுப்புக்கு அடியில் நுழைத்து, கால்களை முன்கையில் தாங்கி உயர்த்துங்கள். அக்குளில் கைகொடுத்துத் தூக்கவும் கூடாது. விலா எலும்பு தாங்காது. சட்டை போடும்போது அதன் கைக்குள் உங்கள் விரல்களை விட்டு, குழந்தையின் கையை மெல்ல வாங்குங்கள்.

முறிந்தாலும் வீக்கம் தெரியாமல் போகலாம். ஓயாத அழுகை, ஒரு காலை மட்டும் அசைக்காமலிருப்பது, தொட்டால் வீறிடுவது இருந்தாலே சந்தேகப்படுங்கள். நேராக்க முயலாமல், இருக்கிற நிலையிலேயே, மேல்-கீழ் மூட்டுகளையும் சேர்த்துப் பஞ்சு வைத்து, அட்டையை அணைவாகக் கொடுத்துக் கட்டி, மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். விரல் நுனி நீலம் பாய்ந்தால் கட்டைத் தளர்த்துங்கள்.

நோயின் பெயர் எழுதிய மருத்துவர் கடிதம் கையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் பெற்றோர் அடித்தார்களோ என்ற சந்தேகம் வரும். மாவுக்கட்டை எப்போது கழற்றுவது என்று முதல் நாளே கேளுங்கள்; அசைவில்லாமல் கிடந்தால் எலும்பு இன்னும் மெலியும்.