கரியன் எழுந்து போவதற்குள்

கரியனை முதன்முதலாக வரைய உட்கார்ந்த அன்று மூன்று பென்சில்களைச் சீவி வைத்தேன், விளக்கைத் திருப்பினேன், புத்தகத்தை மடியில் விரித்தேன். இடது காதை வரைந்து முடித்து நிமிர்ந்தால் நாற்காலி காலி. அப்போது அவனுக்கு 2 வயது. உடல் முழுக்கக் கறுப்பு, ஓரிடத்தில் நிலைக்காத பூனை. அந்த ஒற்றைக் காதுப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை, அடியில் தேதி போட்டு வைத்தேன். அதன்பிறகு 12 ஆண்டுகளில் 23 புத்தகங்கள் நிரம்பியிருக்கின்றன. அவற்றில் முழுமையாக முடிந்த படங்கள் நூறுகூடத் தேறாது. வீட்டு விலங்குகளை வரைய ஆசைப்பட்டு என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, படத்தை முடித்தே தீர வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள் என்பதுதான். முடிக்க வேண்டுமென்று உட்கார்ந்தவர் மூன்றாம் நாளே பூனையின் மேல் கோபப்படத் தொடங்கிவிடுவார்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புத்தகம் ஒரு கையில் பிடிக்கும் அளவில் இருக்கட்டும். நான் வைத்திருப்பது ஏ5, அதாவது 14.8 செ.மீ. அகலம், 21 செ.மீ. உயரம். பென்சிலுக்கும் பேனாவுக்கும் 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) நகல் தாள்கூடப் போதும். ஆனால் ஈரம் பட்டவுடன் அது நெளிந்துவிடும். லேசாக வண்ணம் பூச நினைத்தால் 150 ஜி.எஸ்.எம்.மிலிருந்து தொடங்கலாம், நீர்வண்ணத்தையே நம்பி வரைபவர்களுக்கு 300 வேண்டும். வழவழப்பான விலையுயர்ந்த தாளில் முதல் கோடு போடக் கை தயங்கும், அதனால் நான் அதை வாங்குவதில்லை. சற்று மென்மையாக, கறுப்பாக எழுதும் ஒரு 2பி பென்சிலும் ஒரு பால்பாயின்ட் பேனாவும் இருந்தால் போதும். பேனாவை மெதுவாக அழுத்தினால் சாம்பல் நிறக் கோடு, பலமாக அழுத்தினால் அடர்ந்த கோடு. மாற்றிப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

ரப்பரை மட்டும் அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். நீங்கள் அழித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நாய் புரண்டு படுத்துவிடும். தவறான கோடு தாளில் இருப்பது உண்மையில் உதவி. சரியான கோடு அதற்கு எவ்வளவு உள்ளே, எவ்வளவு வெளியே வர வேண்டும் என்று அதுவே காட்டிக்கொடுக்கும். பழைய கோட்டின் மேலேயே புதிய கோட்டை இன்னும் அழுத்தமாகப் போடுங்கள்.

புத்தகம் எங்கே கிடக்கிறது என்பது என்ன வாங்கினோம் என்பதைவிட முக்கியம். என் புத்தகம் மேசை இழுப்பறையில் இருந்தவரை மாதத்துக்கு இரண்டு படம்கூட வரவில்லை. பென்சிலை நூலால் கட்டி, விலங்குகள் படுக்கும் சோபாவின் கைப்பிடியிலேயே வைத்த பிறகு அநேகமாகத் தினமும் ஒன்று வந்தது. ஆங்கில ஓவியர் டேவிட் ஹாக்னி 1990களில் தன் இரண்டு டாக்ஸ்ஹுண்ட் நாய்களைத் தொடர்ந்து தீட்டியபோது, வீட்டில் பல இடங்களில் தாள்களையும் வண்ணங்களையும் தயாராக வைத்திருந்தார். எடுத்துவரப் போனால் நாய்கள் எழுந்துவிடும். ஓவியத்தையே தொழிலாகக் கொண்டவருக்கும் நமக்கும் இதில் ஒரே பாடுதான்.

தூங்கும் விலங்கிலிருந்து தொடங்குங்கள். வளர்ந்த பூனை ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் தூங்குகிறது, ஆகவே வாய்ப்புக்குக் குறைவில்லை. உட்கார்ந்ததும் பென்சிலைத் தொடாமல் பத்து எண்ணும்வரை பார்த்துக்கொண்டே இருங்கள். எடை எங்கே தரையில் அழுந்துகிறது, எந்தப் பக்கம் தளர்ந்து கிடக்கிறது என்று கவனியுங்கள். பிறகு பிடரியிலிருந்து வாலின் அடிவரை முதுகெலும்பை ஒரே வீச்சில் போடுங்கள். அந்தக் கோடு சரியாக விழுந்தால் படத்தில் பாதி வந்துவிட்டது. சுருண்டு படுத்த பூனைக்கு அதை ஒட்டி ஒரு முட்டை வடிவம், அதில் தலை செருகியிருக்கும் இடத்தில் சிறு வட்டம், காதுகளுக்கு இரண்டு முக்கோணம். இவ்வளவுக்கும் அரை நிமிடம் போதும். கண், மூக்கு, மீசை எதையும் இன்னும் தொட வேண்டாம்.

இனிதான் பொறுமை வேண்டும். பூனை எழுந்துவிட்டால் பக்கத்தைத் திருப்பாதீர்கள். அதே பக்கத்தில், அந்த அரைகுறைப் படத்துக்கு அருகிலேயே புதிய நிலையைத் தொடங்குங்கள். அதுவும் கலைந்தால் மூன்றாவது. ஏனென்றால் விலங்குகள் பழைய நிலைக்குத் திரும்பி வரும். கரியனுக்கு உறங்கும் நிலைகள் ஏழுதான், எண்ணிப் பார்த்திருக்கிறேன். முன்னங்கால்களை நெஞ்சுக்கடியில் மடித்து ரொட்டித் துண்டு போல உட்காருவது அவற்றில் ஒன்று. பின்னங்காலால் முகத்தை மூடிக்கொள்வது இன்னொன்று. அவன் எந்த நிலைக்குத் திரும்புகிறானோ, நானும் அந்தப் படத்துக்குத் திரும்பிவிடுவேன். ஒரே பக்கத்தில் மூன்று நான்கு பூனைகள் கொஞ்சம் கொஞ்சமாக வளரும், சிலவற்றுக்கு ஒரு வாரம்கூட ஆகும். இங்கிலாந்தின் வின்ட்ஸர் கோட்டையில், அரச சேகரிப்பில், லியோனார்டோ டாவின்சி தன் இறுதி ஆண்டுகளில் வரைந்த ஒரு தாள் இருக்கிறது. இருபதுக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு உருவங்கள்: உறங்கும் பூனை, உடலை நக்கிக்கொள்ளும் பூனை, கட்டிப் புரண்டு சண்டையிடும் பூனைகள், நடுவே எப்படியோ நுழைந்துவிட்ட ஒரு டிராகன். அதன் நகலைப் பார்க்கும்போதெல்லாம், அவருடைய பூனையும் எழுந்து எழுந்து போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

கால்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அநேகமாக எல்லோருடைய படமும் இடறுவது அங்கேதான். பின்னங்காலில் பின்பக்கமாகத் துருத்தி நிற்கும் மூட்டை நான் ஓராண்டு முழுவதும் முழங்கால் என்றே வரைந்துகொண்டிருந்தேன். அது குதிகால். நாயும் பூனையும் விரல்களின் மேல் நடக்கும் விலங்குகள். குதிகால் தரையைத் தொடாமல் உயரே நிற்கிறது. உண்மையான முழங்கால் இன்னும் மேலே, வயிற்றையொட்டி, முன்பக்கமாக மடிகிறது. பூனையில் அது மயிருக்குள் மறைந்திருக்கும். நீங்களே குதிகாலைத் தூக்கி நுனிவிரலில் நின்று முழங்காலைச் சற்று மடக்கிப் பாருங்கள், அந்தக் கால் உங்களுக்குப் புரிந்துவிடும். முன்னங்காலில் நெஞ்சின் அடிப்பகுதியருகே பின்னோக்கி மடிவது முழங்கை, அதற்குக் கீழே தரைக்குச் சற்று மேலிருப்பது மணிக்கட்டு.

தோள்பட்டையும் அப்படித்தான். நமக்குக் காறை எலும்பு தோளை நெஞ்சுக்கூட்டோடு பிணைத்து வைத்திருக்கிறது. பூனைக்கு அந்த எலும்பு மிகச் சிறிது, வேறெந்த எலும்போடும் சேராமல் தசைக்குள் கிடக்கிறது. அதனால்தான் அது பதுங்கி நடக்கும்போது இரண்டு தோள்பட்டைகளும் மாறி மாறி முதுகுக்கோட்டுக்கு மேலே எழும்புகின்றன. அந்த இரண்டு மேடுகளையும் போட்டுவிட்டால் வரைந்த பூனை நடக்கத் தொடங்கிவிடும். இதையெல்லாம் படத்தைப் பார்த்துக் கற்பதைவிடத் தடவிப் பார்த்துக் கற்பது எளிது. மடியில் படுத்திருக்கும்போது தோளிலிருந்து பாதம்வரை விரலால் மெல்ல வருடி, மூட்டுகளை எண்ணுங்கள். முன்பாதத்தில் ஐந்து விரல்கள், ஐந்தாவது உட்பக்கம் சற்று மேலே தரையைத் தொடாமல் இருக்கும். பின்பாதத்தில் நான்கு.

முகத்தைக் கடைசிக்கு வையுங்கள். நெற்றியிலிருந்து மூக்குவரை ஒரு மெல்லிய கோடு, கண்களைக் குறுக்கே இணைத்து இன்னொரு கோடு. தலை சாய்ந்திருந்தால் இரண்டும் சேர்ந்தே சாய வேண்டும். வெளிச்சத்தில் பூனையின் கண்மணி செங்குத்தான கீற்றாகிவிடும், அந்தி நேரத்தில் ஏறக்குறைய முழு வட்டமாக விரியும். ஆகவே படத்தின் ஓரத்தில் வரைந்த நேரத்தையும் குறித்து வையுங்கள். நாயின் கண்மணி எப்போதும் வட்டம்தான்.

மயிரை இழை இழையாக வரைய வேண்டாம். உடல் வளைந்து திரும்பும் இடங்களில் மட்டும் சில கோடுகள் போதும்: பிடரி, முழங்கையின் பின்புறம், தொடையின் ஓரம், வாலின் அடி. கறுப்புப் பூனை வைத்திருப்பவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. முழுவதையும் கறுப்பாக நிரப்பினால் தாளில் ஓட்டை விழுந்தது போல ஆகிவிடும். கண்களைப் பாதி மூடிக்கொண்டு கரியனைப் பார்ப்பேன். அவன் முதுகிலும் தொடையின் மேட்டிலும் காதின் விளிம்பிலும் வெளிச்சம் படிந்து வெளிறிக் கிடக்கும். அந்த இடங்களில் பென்சிலே படாமல் விட்டுவிட்டு, வயிற்றின் அடியிலும் கழுத்தின் மடிப்பிலும் மட்டும் 2பியைவிட அடர்ந்து விழும் 6பி பென்சிலால் அழுத்துவேன். இடையில் உள்ளவை 2பியால் லேசான சாம்பல். தாளின் வெண்மைதான் அவனுடைய பளபளப்பு.

செம்பியை வரைவது முற்றிலும் வேறு வேலை. செம்பழுப்பு நிற நாட்டு நாய்; நான் உற்றுப் பார்த்தால் போதும், அழைக்கிறேன் என்று எண்ணி வாலாட்டிக்கொண்டு வந்து பக்கத்தின் மேலேயே முகத்தை வைத்துவிடுவாள். அவளை நேருக்கு நேர் பார்க்காமல் ஓரக்கண்ணால் பார்க்கிறேன். இல்லையென்றால் பின்னாலிருந்து வரைகிறேன். கதவருகே யாருக்காகவோ காத்து உட்கார்ந்திருக்கும் நாயின் முதுகில் முகத்தில் இருப்பதைவிட அதிகம் இருக்கிறது, காதுகள் இரண்டும் எல்லாவற்றையும் சொல்லிவிடும். அவள் துள்ளும்போது பார்த்து வரைய முயலாதீர்கள். ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டேயிருந்து, கண்ணை மூடி, மனத்தில் நின்ற ஒரே ஒரு நிலையை எழுதிவிடுங்கள். முதல் சில வாரங்கள் ஒன்றும் நிற்காது. பிறகு நிற்கத் தொடங்கும். ஆடும் வாலுக்கு மூன்று கோடுகள் போட்டால் மூன்றையும் அப்படியே விடுங்கள்.

மீன் வைத்திருப்பவர்கள் தொட்டியின் மூலையில் கண்ணை வைத்துக் காத்திருங்கள். மீன் திரும்பத் திரும்ப அங்கே வந்து வளையும், அந்த வளைவை மட்டும் பிடித்தால் போதும். முயலின் கண் பக்கவாட்டில் இருப்பதால் அதைப் பக்கத்திலிருந்தே வரைவது நல்லது.

வெறும் வெள்ளைத் தாளில் மிதக்கும் பூனை ஒரு பொம்மையாகிவிடும். நாற்காலியையும் சேர்த்து வரையுங்கள். உட்கார்ந்த பூனையின் காது நாற்காலியின் எந்தச் சட்டத்துக்கு நேரே வருகிறது என்று பார்த்தால் அளவும் தானாகச் சரியாகும். நாற்காலிக் கால்களை வரையக் கடினமாக இருந்தால் அவற்றுக்கிடையே தெரியும் வெற்றிடத்தின் வடிவத்தை வரையுங்கள், கால்கள் தாமே வந்துவிடும்.

இப்படி நாற்காலியிலிருந்து தொடங்கித்தான் என் புத்தகத்துக்குள் வீடு முழுவதும் நுழைந்தது. துணி மடிக்கும் அம்மாவை விலங்கைப் போலவே வரையலாம். மடிக்கும் கை ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்குத் திரும்பி வரும், அந்தக் கணத்துக்காகக் காத்திருக்க வேண்டும். காலணி நாடா கட்டுவது, தலை வாருவது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம் அப்படியே. கையை முதலில் விரல் பிரியாத உறை போல ஒரே வடிவமாகப் போட்டுவிட்டு விரல்களைப் பிறகு பிரியுங்கள். மனிதர்களிடம் கேட்டுவிட்டு வரையுங்கள். உறங்கும்போது தன்னை வரைவது என் தங்கைக்குப் பிடிக்காது. ஆகவே அவளுடைய நாற்காலியை, அதன் கைப்பிடியில் கழற்றி வைத்த மூக்குக்கண்ணாடியோடு வரைகிறேன். வீட்டில் யார் பார்த்தாலும் அது அவள்தான் என்று சொல்லிவிடுவார்கள்.

கைப்பேசிப் படத்திலிருந்து வரையலாமா என்று கேட்கிறார்கள். அருகிலிருந்து எடுத்த படத்தில் மூக்கு பெருத்தும் உடல் சிறுத்தும் தெரியும், அதை அப்படியே நகலெடுத்தால் கோணம் கெடும். காதின் உள்மடிப்பையோ உடலின் வரிகளையோ சரிபார்க்க மட்டும் நான் படத்தைப் பார்ப்பேன்.

கடைசியாக ஒரு பழக்கம்: வாரத்தில் ஒரு நாள், ஒரே இடத்திலிருந்து, ஒரே நிலையை வரையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை கரியன் ஜன்னல் திண்டில் எனக்கு முதுகைக் காட்டிப் படுத்திருப்பான், அதை ஆண்டுக்கணக்காக வரைந்து வருகிறேன். சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே வீச்சில் போகும் முதுகுக்கோடு இடையில் நின்று நின்று போனது. இடுப்பருகே எலும்பு மேடு தட்டியது. பழைய பக்கங்களைப் புரட்டினேன். நான்கு மாதங்களாக அந்தக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கிக்கொண்டே வந்திருந்தது. தட்டை வழக்கம்போல் காலி செய்துகொண்டிருந்ததால் தினமும் பார்க்கும் எங்களில் யாருக்கும் அது தெரியவில்லை. கால்நடை மருத்துவர் இரத்தத்தைச் சோதித்து, தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரக்கிறது, வயதான பூனைகளுக்கு இது வருவதுண்டு என்றார். அன்றிலிருந்து மாத்திரை. ஞாயிற்றுக்கிழமைப் படங்களும் நிற்கவில்லை. மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் பிடரியிலிருந்து வாலின் அடிவரை பென்சிலை எடுக்காமலே கோடு வந்தது.