பழைய அமெரிக்கக் கார்: புதிதாக வருபவர்கள் காசைக் கரைக்கும் இடங்கள்

ஆகஸ்ட் மாதம் டெட்ராய்ட் பக்கம் உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் வரிசையாகப் போவதைப் பார்த்தவர்களில் பலருக்கு, அடுத்த வசந்தத்துக்குள் நாமும் ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று ஆசை வந்துவிடுகிறது. நம் பிள்ளைகளும் அதில் நிறையப் பேர். கார் கம்பெனியில் என்ஜினியர் வேலை, வீட்டோடு ஒரு கராஜ், மனதில் ஒரு ஃபோர்டு மஸ்டாங். வாங்கும்வரை யாரையும் கேட்பதில்லை, வாங்கிய பிறகுதான் போன் வரும். முன்பு நாங்கள் எங்கெல்லாம் இடறினோமோ, அங்கேயேதான் இவர்களும் இடறுகிறார்கள்.

ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதே, பேட்டரியைக் கழற்றிவிட்டு வயரில் கை வை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அவற்றை விட்டுவிடுகிறேன். புதுக் காரில் பழகிய கை, 1950, 60-களின் காரைத் தொடும்போது எங்கே தப்பாகப் போகிறது என்பதை மட்டும் சொல்கிறேன். அந்தக் கார்களை வடிவமைத்தவர்கள் வேறு எண்ணெயையும் வேறு பெட்ரோலையும் வேறு மின்சார அமைப்பையும் மனதில் வைத்துச் செய்தார்கள். அது தெரியாமல் ஸ்பானரை எடுத்தால் சேதம்தான்.

கழலாத சக்கர நட்டோடு மல்லுக்கட்டுவது

டாட்ஜ், பிளிமத், கிரைஸ்லர் கார்களில் 1960-களின் கடைசி வரை இடது பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை இருந்தது. அதாவது ஓட்டுநர் பக்கத்து நட்டுகள் வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் நீளக் குழாய் மாட்டி, மேலே ஏறி நின்று மிதித்து, நட்டு ஏறும் ஸ்டட்டை முறித்தவர்கள் ஏராளம். ஸ்டட்டின் முனையைத் துணியால் துடைத்துப் பாருங்கள், பெரும்பாலும் 'எல்' என்ற ஆங்கில எழுத்து பொறித்திருக்கும். டயர் கடைக்கு வண்டியை விட்டால் அங்கே வேலை செய்யும் பையனிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மஸ்டாங்கில் நனைந்த கார்பெட்டை மாற்றுவது

1965 முதல் 1968 வரையான மஸ்டாங்கில் கால் வைக்கும் இடம் ஈரமாக இருந்தால் உடனே கார்பெட்டை மாற்றுகிறார்கள். துணிச்சல்காரர்கள் தரைத் தகட்டையும் வெட்டிப் புதிதாகப் பற்றவைக்கிறார்கள். அடுத்த மழையில் மறுபடியும் ஈரம். தண்ணீர் தரையிலிருந்து வருவதில்லை. முன் கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே வருவதற்காக வரிசையாகக் கீறல் விட்டிருக்கிறார்களே, அந்தப் பெட்டிக்குள் இருந்து வருகிறது. அதற்குள் காற்றுத் துவாரத்தைச் சுற்றி நிற்கும் தகட்டு வளையம் பல வருடக் குப்பையும் இலையும் தேங்கித் துருப்பிடித்து ஓட்டையாகிவிடும்.

சோதிப்பது சுலபம். ஒருவர் டார்ச்சோடு டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துக்கொள்ளட்டும், இன்னொருவர் வெளியே அந்தக் கீறல்களில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றட்டும். ஒழுகினால் தெரிந்துவிடும். சரிசெய்வதுதான் கஷ்டம். இரண்டு தகடுகளைப் புள்ளிப் புள்ளியாகப் பற்றவைத்த பெட்டி அது, ஒவ்வொரு புள்ளியையும் துளையிட்டுத்தான் பிரிக்க வேண்டும். பெயிண்ட் அடித்த பிறகு இந்த வேலை வந்தால் பெயிண்ட் செலவு போச்சு.

பெயிண்டில் ஆரம்பிப்பது

பிரேக், துரு, என்ஜின், வயரிங். பெயிண்ட் கடைசி.

புதுக் கேம்ஷாஃப்ட்டை முதல் அரை மணி நேரத்தில் அழிப்பது

கேம்ஷாஃப்ட், சுருக்கமாகக் கேம், என்பது வால்வுகளைத் திறக்கும் மேடுகள் உள்ள தண்டு. அதை இப்படி அழிப்பதைப் பற்றிப் பேசினாலே எனக்கு இன்னும் எரிச்சல் வரும். இத்தனை பேர் எழுதி, இத்தனை பேர் சொல்லியும் வருடா வருடம் யாராவது ஒரு நல்ல என்ஜினை இப்படித்தான் பாழாக்குகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து ஒரு ஷெவர்லே 350 என்ஜினைக் கட்டினான். சிலிண்டர் வேலை, பேரிங் இடைவெளி, டார்க் எல்லாமே அளந்து அளந்து செய்தான். அவ்வளவு சுத்தமான வேலை. ஏப்ரலில் ஒரு வீடியோ அனுப்பினான். சாவியைத் திருப்பியதும் என்ஜின் பிடித்துக்கொண்டது, நண்பர்கள் கைதட்டுகிறார்கள், என்ஜின் மெல்ல உறுமிக்கொண்டு நிற்கிறது, இவன் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருப்பி ஐடிலை, அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோதுள்ள மெதுவான ஓட்டத்தை, சீராக்கிக்கொண்டிருக்கிறான். "அண்ணா, எவ்வளவு அழகா ஐடில் ஆகுது பாருங்க" என்று கீழே ஒரு வரி. பார்த்ததுமே போன் செய்து நிறுத்தச் சொன்னேன். அதற்குள் வீடியோ எடுத்து வெகு நேரம் ஆகியிருந்தது.

அந்த வாரமே டிக் டிக் என்று சத்தம். அப்புறம் கார்புரேட்டர் வழியாகப் படபடவென்று வெடிப்பு. வால்வ் கவரைக் கழற்றி என்ஜினைக் கையால் சுற்றினோம். வால்வை அழுத்தும் ராக்கர்களில் மற்றவை ஒழுங்காக ஏறி இறங்க, ஒன்று மட்டும் அசைந்தும் அசையாமலும் நின்றது. கேமை வெளியே எடுத்தால் அந்த ராக்கருக்கான மேடு மழுங்கி உருண்டையாகியிருந்தது. அதன்மேல் உட்கார்ந்து, மேட்டின் அசைவை ராக்கருக்குக் கடத்தும் லிஃப்டரின் அடிப்பாகம் ஆப்பச்சட்டி போலக் குழிந்து கிடந்தது. தேய்ந்த இரும்பெல்லாம் எங்கே போகும்? எண்ணெயோடு கலந்து பேரிங், பம்ப் என்று எல்லா இடத்துக்கும் போயிருந்தது. முழு என்ஜினையும் மறுபடி பிரித்துக் கழுவ வேண்டியதாயிற்று.

ஏன் இப்படி ஆகிறது என்று புரிந்துகொண்டால் யாரும் இதைச் செய்ய மாட்டார்கள். அந்தக் கால அமெரிக்க வி8-களில் லிஃப்டருக்கு உருளை கிடையாது, தட்டையான அடிப்பாகம்தான் கேம்மேல் உரசும். தட்டை என்று சொன்னாலும் உண்மையில் அது மிக லேசாகக் குவிந்திருக்கும், கேமின் மேடும் லேசாகச் சரிந்திருக்கும். அதனால் கேம் சுற்றும்போது லிஃப்டர் தன் துளைக்குள் தானும் சுழலும். அப்படிச் சுழன்றால்தான் தேய்மானம் ஒரே இடத்தில் விழாது. புதுக் கேமும் புது லிஃப்டரும் ஒன்றுக்கொன்று பழகுவது முதல் சில நிமிடங்களில்தான். அந்த நேரத்தில் கேமுக்கு எண்ணெய் கிடைப்பது பெரும்பாலும் கிராங்க்ஷாஃப்ட் வீசித் தெளிக்கும் எண்ணெயிலிருந்து. ஐடிலில் அது மெதுவாகச் சுற்றும், தெளிப்பு போதாது. வேகம் வேண்டும்.

எனவே என்ஜின் பிடித்தவுடன் நேராக நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் கொண்டுபோய், 2,000-க்கும் 2,500-க்கும் இடையில் ஏற்றி இறக்கி 20 நிமிடமாவது ஓட்ட வேண்டும். ஐடில் பக்கமே போகக் கூடாது. எங்காவது ஒழுகினாலோ சூடு ஏறினாலோ அணைத்துவிடுங்கள். சரிசெய்துவிட்டு மீதியை ஓட்டலாம், அணைப்பதால் ஒன்றும் கெடாது.

அதற்கு முன்னேற்பாடு முக்கியம், ஏனென்றால் பிடிக்காத என்ஜினை ஸ்டார்ட்டரால் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதே, கட்டும்போது கேம்மேல் தடவிய பசையை வழித்துவிடும். தீப்பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கை, முன்பே சரியாக வைத்துவிடுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் ஊற்றுங்கள். ரேடியேட்டரை நிரப்புங்கள். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு, அந்தத் துளை வழியாக எண்ணெய் பம்பைத் துளைப்பானால் சுற்றி, எல்லா ராக்கரிலும் எண்ணெய் வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். ஷெவர்லே ஸ்மால் பிளாக்குக்கு (350-உம் அந்த வகைதான்) வலஞ்சுழி, ஃபோர்டு 289 என்ஜினுக்கு இடஞ்சுழி. ஷெவர்லேயில் இன்னொரு விஷயம்: ஒரு பக்கத்து லிஃப்டர்களுக்கு எண்ணெய் போகும் வழி டிஸ்ட்ரிபியூட்டர் உடலை ஒட்டித்தான் போகிறது. வெறும் கம்பியை விட்டுச் சுற்றினால் அந்தப் பக்கம் எண்ணெய் சரியாக ஏறாது, அந்த இடத்தை அடைக்கும்படி செய்த கருவி வேண்டும். இன்டேக் மேனிஃபோல்டைப் போடும் முன் ஒவ்வொரு லிஃப்டர் தலையிலும் மார்க்கரால் ஒரு கோடு போட்டு என்ஜினைக் கையால் சுற்றுங்கள். சுழலாத லிஃப்டர் அப்போதே காட்டிக்கொடுத்துவிடும்.

எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன். உரசும் இரும்பைக் காப்பது எண்ணெயில் கலந்த துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மம். 1975 மாடல்களில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பரவலாக வந்தது, பாஸ்பரஸ் அதற்கு ஆகாது. கார் கம்பெனிகளும் பின்னால் ரோலர் லிஃப்டருக்கு மாறிவிட்டன, ஷெவர்லே ஸ்மால் பிளாக்கில் அது 1987-இல் வந்தது. ஆகவே புதுக் கார்களுக்கான 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 எண்ணெய்களில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2004 முதல் கட்டுப்பாடு. இந்த உராய்வுக்கு அது குறைவு. அந்தப் பையன் ஊற்றியது தன் புதுக் காருக்கு வாங்கிவைத்த, விலை உயர்ந்த, மிக நல்ல எண்ணெய். அந்த எண்ணெயில் எந்தக் குறையும் இல்லை, அது இந்த என்ஜினுக்கானது அல்ல, அவ்வளவுதான். கேம் பழக்குவதற்கென்றே விற்கும் எண்ணெயை வாங்குங்கள். அதன்மேல் இன்னொரு புட்டி துத்தநாகத் திரவத்தையும் ஊற்றாதீர்கள், அளவு மீறினால் அதுவும் கெடுதல்.

ஓட்டி முடித்ததும் எண்ணெயை வடித்து, ஃபில்டரை வெட்டி, உள்ளே இருக்கும் காகித மடிப்பை விரித்து வெயிலில் பாருங்கள். லேசான கருஞ்சாம்பல் பூச்சு சகஜம். பளபளவென்று துகள் மின்னினால் மேலே ஓட்டாதீர்கள். புதுக் கேமுக்குப் பழைய லிஃப்டர் போடவே கூடாது. பழைய கேமையே வைத்துக்கொள்வதானால் எந்த லிஃப்டர் எந்த மேட்டில் இருந்ததோ அங்கேயே திரும்பப் போக வேண்டும், கழற்றும்போதே எண் போட்டு வையுங்கள்.

ரோஸ் நிற வயரை எடுத்துவிடுவது

அந்தக் கால ஃபோர்டில் இக்னிஷன் சுவிட்சிலிருந்து, தீப்பொறிக்கு வோல்டேஜை உயர்த்தும் காயிலுக்குப் போகும் ரோஸ் நிற வயர் சாதாரண வயர் அல்ல, மின்தடை வயர். ஓடும்போது காயிலுக்குப் போகும் வோல்டேஜைக் குறைத்து, காயிலின் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயின்ட்டைக் காப்பாற்றுகிறது. நைந்துவிட்டதே என்று சாதாரணச் செம்பு வயரை மாட்டினால் பாயின்ட் கருகும். பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடுபவர்களுக்கு நேர்மாறான தொல்லை. பல மாட்யூல்களுக்கு முழு 12 வோல்ட் வேண்டும், இந்த வயரிலிருந்து எடுத்தால் வண்டி சூடானதும் விக்கும்.

சிலிக்கோன் பிரேக் திரவத்தையும் சாதாரணத் திரவத்தையும் கலப்பது

கலக்காதீர்கள்.

ஒற்றை அறை மாஸ்டர் சிலிண்டரை அப்படியே விடுவது

பிரேக் மிதியை மிதித்ததும் திரவத்தைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். 1966 வரை மஸ்டாங்கில் அதற்கு நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே அறைதான். பின்சக்கரம் ஒன்றில் ரப்பர் கப் கிழிந்தால் மிதி தரையைத் தொடும், எந்தச் சக்கரத்திலும் பிரேக் இருக்காது. 1967 மாடலில் இரட்டை அறை வந்தது. அசல் தன்மை கெடக் கூடாது என்று சிலர் இதை மாற்றத் தயங்குகிறார்கள். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ரோட்டில் போகிற காருக்கு இதில் எனக்குச் சமரசமே கிடையாது, மாற்றுங்கள். டிரம் பிரேக்குக்கு டிரம்முக்கான மாஸ்டர், டிஸ்க்குக்கு அதற்கானது என்று கேட்டு வாங்குங்கள்.

பழைய பெட்ரோல் ஹோஸ்

இப்போதைய பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பர் அதில் ஊறி இளகி உள்ளேயே உரியும். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

6 வோல்ட் காரை 12 வோல்ட் கார் போல நடத்துவது

ஃபோர்டு கார்கள் 1955 வரை 6 வோல்ட், அதுவும் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்தது. 1956-இல்தான் 12 வோல்ட்டும் நெகட்டிவ் கிரவுண்டும் வந்தன. ஷெவர்லே ஒரு வருடம் முன்பே 12-க்கு மாறியிருந்தது. பழக்கதோஷத்தில் நெகட்டிவ்வைப் பாடியில் மாட்டாதீர்கள். இன்னொன்று, அதே வேலைக்கு 6 வோல்ட்டில் இரண்டு மடங்கு மின்சாரம் ஓட வேண்டும், ஆகவே கேபிளும் தடிமனாக இருக்க வேண்டும். பாகக் கடையில் தொங்கும் 12 வோல்ட் கேபிளை வாங்கி மாட்டிவிட்டு, என்ஜின் சூடாக இருக்கும்போது ஸ்டார்ட்டர் திணறுகிறது என்று ஸ்டார்ட்டரைக் குறை சொல்கிறார்கள். ஸ்டார்ட்டரைக் கழற்றும் முன் கேபிளைப் பாருங்கள், 1/0 கேஜ் தடிமனாவது இருக்க வேண்டும். பாடியில் அது சேரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, பளிச்சென்ற இரும்பில் இறுக்குங்கள்.