மூணாறு வீட்டில் கூரை சொட்டிய கதை

மூணாறில் டிசம்பர் வந்தால் ஜன்னலைத் திறக்க மனம் வராது. அடைத்தே வைத்ததில் சுவரெல்லாம் பூஞ்சணம், அம்மாவுக்கு ஓயாத இருமல். அதற்காகத்தான் வெப்பத்தை மீட்கும் காற்றோட்டக் கருவி பொருத்தினோம். வெளியேறும் காற்றின் சூடு உள்ளே வரும் குளிர்காற்றுக்கு மாறும், இரண்டும் கலக்காது.

முதல் குளிரிலேயே கூரைப் பலகை வழியாகத் தண்ணீர் சொட்டியது. மழைநீர் என்று நினைத்து ஓட்டைப் பிரித்துத் தேடியதில் இரண்டு நாள் வீண். வீட்டின் ஈரக்காற்று கருவிக்குள் குளிர்ந்து நீராகிறது. அது வடியும் குழாயில், தண்ணீர் தேங்கி நின்று காற்றை மறிக்கும் வளைவைக் கருவி பொருத்தியவர்கள் வைக்கவே இல்லை. விசிறி அந்தக் குழாய் வழியே காற்றை உறிஞ்ச, தண்ணீர் இறங்க முடியாமல் கருவிக்குள் இருக்கும் தட்டு நிரம்பி வழிந்திருக்கிறது.

போடியிலிருந்து வந்த பிளம்பர் அண்ணன் யு வளைவு வைத்து, குழாய்க்கு வாட்டமும் கொடுத்தார். "இதுல எப்பவும் தண்ணி நிக்கணும் தம்பி. கோடையில காஞ்சா நீங்களே ஊத்திவிடுங்க."

வெளிச்சுவருக்குப் போகும் இரண்டு காற்றுக் குழாய்களிலும் நீர் பூத்திருந்தது, இன்சுலேஷன் சுற்றினேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவி, நன்றாகக் காய்ந்தபிறகே மாட்டுகிறேன். அம்மா இப்போது இரவில் இருமாமல் தூங்குகிறார்.